வெள்ளை வாத்துக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது

எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாமலே எழுதத் தொடங்கிவிட்டேன், என் அன்பு மச்சான் சேகு,

உன் வீட்டுப் பின்புறத்தில் அடைக்கோழி வெள்ளிக்கிழமை குஞ்சு இறக்கிவிட்டது. வைத்தது பதினொரு வாத்து முட்டை, பொரித்தது ஒன்பது. ஐந்து கறுப்புக் கலந்த பழுப்பு, நான்கு மஞ்சள். மஞ்சளாகப் பிறந்தவை நான்கும் வளர்ந்தால் வெள்ளையாகிவிடும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை.

நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. ஆசிரியர்களின் அந்த மாதப் பத்திரிகைக்குத்தான் இதை அனுப்பப்போகிறேன். வெள்ளை வாத்தின் கொழுப்பைப் பற்றி நான் கட்டுரை எழுதினேனே, அதே பத்திரிகை. அதை நீ நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாய். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வந்தவர்களை நிறுத்தி, எம் மச்சான் எழுதுனது, உள்ள எம் பேரும் இருக்கு என்று காட்டினாய். அந்தக் கட்டுரை தப்பு, சேகு. இந்தக் கடிதம் அதைச் சொல்லத்தான்.

எதையும் அடித்துப் பேசுகிற ஆள் இல்லை நான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இயற்கை விஞ்ஞானம் கற்பித்தேன். கரும்பலகையில் எழுதியதைக்கூட ஒரு முறை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினால்தான் எனக்கு நிம்மதி. பஸ் வருமா என்று கேட்டால் வரலாம் என்பேன். "ஒம் பேரென்னன்னு எவனாச்சும் கேட்டா, சோமசுந்தரமா இருக்கலாம்னு சொல்லுவ மச்சான் நீ" என்று சொல்லிச் சிரிப்பாய். இப்படிப்பட்டவன் ஆயுசில் ஒரே ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னேன். அது உன் பிழைப்பாக இருந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நாம் மூன்றாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பிறகு நான் ராமநாதபுரம் போய்ப் படித்து அங்கேயே வாத்தியாரானேன். நீ பெரியபட்டினத்தில் உன் வாப்பாவின் வாத்து மந்தையைப் பிடித்துக்கொண்டாய். நூறுக்கு மேல் பழுப்பு வாத்துகள். காலையில் நீ முன்னால் கம்பை நீட்டிக்கொண்டு நடந்தால் அவை வரிசையாகக் கண்மாய்க்கு வரும், பொழுது சாயத் தாமாகவே திரும்பும். உன் மனைவி மைமூன் என்னை அண்ணே என்று கூப்பிட்டதால் நீ எனக்கு மச்சான் ஆனாய். அவள் வீட்டுக்குப் பின்னாலேயே பந்தல் போட்டுச் சூடை மீனைக் கழுவிக் காயவைத்துக் கருவாடாக்குவாள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் உன் சின்னாப்பா மகன் கொழும்பிலிருந்து கப்பலில் வந்தான். கூடையில் வெள்ளை வாத்து ஒரு ஜோடி கொண்டுவந்தான். பெட்டை கடலிலேயே செத்துப்போய்விட்டது. சேவல் பிழைத்தது. அதைப்போல ஒரு வாத்தை நம் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. நடந்தால் வயிறு மணலில் உரசியது. மண்டபத்தில் கப்பல்காரர்களுக்கும் ரயில்காரர்களுக்கும் கறி கொடுக்கிறவர் ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்தார். இதுபோலக் கொழுத்ததாக, வெள்ளையாகக் கொடுத்தால் எத்தனை இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பழுப்பு வாத்தின் இறகைப் பிடுங்கினால் தோலில் கறுப்பு முளைகள் புள்ளி புள்ளியாக நிற்கும், வெள்ளையில் அது தெரியாது, சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று காரணமும் சொன்னார்.

நீ என்னிடம் ஓடி வந்தாய். நான் புத்தகங்களை எடுத்தேன்.

வெள்ளைச் சேவலைப் பழுப்புப் பெட்டைகளோடு விட்டோம். முதல் ஈடாகப் பொரித்த குஞ்சு அத்தனையும் பழுப்பு. ஒன்றுகூட மஞ்சளாகப் பொரிக்கவில்லை. நீ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் உனக்கு விளக்கினேன். குஞ்சு ஒவ்வொன்றுக்கும் வாப்பாவிடமிருந்து ஒரு சீட்டு, உம்மாவிடமிருந்து ஒரு சீட்டு வருகிறது. இரண்டில் ஒன்று பழுப்பாக இருந்தாலும் போதும், வெள்ளைச் சீட்டு வாய் திறக்காது. ஆனால் அது அழிந்துபோகவில்லை, உள்ளே இருக்கிறது.

"எங்க வீடு மாதிரின்னு சொல்லு" என்றாய். "மைமூன் பழுப்பு. நான் வெள்ளை."

உள்ளிருந்து மைமூன், அவுக வாய் தெறக்காம இருந்தா ஊரே நிம்மதியா இருக்கும்ணே என்றாள்.

இந்தப் பழுப்புகளையே ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் அடுத்த ஈட்டில் நாலுக்கு ஒன்று வெள்ளையாக வரும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறு வருஷம் கோழி அடையில் உட்கார்ந்த இருபத்தெட்டாம் நாள் நீ பஸ் ஏறி நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாய். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாற்பது பையன்களுக்கும் கேட்கும்படி, "மச்சான், பன்னெண்டுல மூணு மஞ்சள்" என்றாய்.

என் வாழ்க்கையில் நான் முன்கூட்டிச் சொல்லி நடந்த ஒரே விஷயம் அது. நிறத்தைப் பற்றி நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. அதுதான் உன்னைக் கெடுத்தது. நிறத்தில் பலித்ததைப் பார்த்து, அடுத்து நான் சொன்னதையும் நீ நம்பினாய்.

வெள்ளைகளைத் தனியாக அடை, பழுப்போடு கலந்துவிட்டால் கணக்குத் தப்பிவிடும் என்றேன். நீ கருவாட்டுப் பந்தலை ஒட்டி மூங்கில் தட்டி கட்டினாய். வெள்ளைகள் அதற்குள். பழுப்புகள் வழக்கம்போலக் கண்மாய்க்கு. நான் ஞாயிறுதோறும் பத்து மணி பஸ்ஸில் வருவேன். ஸ்பிரிங் தராசில் ஒவ்வொன்றையும் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடை பார்ப்பேன். அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்து அமுக்கிக் கொழுப்பைக் கணிப்பேன். நிறம், வயது, எடை, பெற்றோர் என்று நோட்டில் பத்தி பிரித்து எழுதுவேன். தீனி என்றும் ஒரு பத்தி இருந்தது. அதில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே சொல்தான். தவிடு. நான் பார்த்தது தவிடு.

வெள்ளைகள் கொழுத்தன. வாரத்துக்கு வாரம் கொழுத்தன. பழுப்புகள் கண்மாயில் அலைந்து எலும்பும் தோலுமாகவே இருந்தன. வெள்ளைச் சீட்டோடு கொழுப்புச் சீட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று முடிவு கட்டினேன். கட்டுரை எழுதினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைமூன் எனக்கென்றே வாங்கி வைத்திருந்த பித்தளை டம்ளரில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னேன்: பழுப்பு அத்தனையையும் கொடுத்துவிடு, இனி வெள்ளை மட்டும் போதும்.

நீ தட்டியைத் திரும்பிப் பார்த்தாய். "நெசமாத்தானா மச்சான்? அதுகதான கண்மாய்க்குப் போயிட்டு வரத் தெரிஞ்சதுக. இதுக நாலெட்டு நடந்தா மூச்சு வாங்குதுக."

"நோட்டில் எழுதியிருக்கிறது, சேகு. நோட்டு பொய் சொல்லாது" என்றேன்.

இருக்கலாம் என்று சொல்லியிருந்தால் என்ன? எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைச் சொல்கிறவன், அன்று ஏன் சொல்லவில்லை?

திருவாடானைப் பக்கம் வாத்து மேய்க்கிறவர்களிடம் மந்தையைக் கொடுத்தாய். அவர்கள் ஓட்டிக்கொண்டு போகும்போது நீ வீட்டுக்குள் இருந்துகொண்டாய் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அந்த வருஷம் கச்சான் காற்று ஓயவே இல்லை. வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. மைமூனின் பந்தலில் சூடை ஒரு கூடைகூடக் காயவில்லை. உன் வெள்ளைகள் இளைக்கத் தொடங்கின. நான் விரலை வைத்து அமுக்கினால் அடிவயிற்றில் எலும்பு தட்டியது. மண்டபத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒன்றையும் எடுக்காமல் போய்விட்டார். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. எனக்குத் தோன்றவில்லை, சேகு. காற்றையும் வாத்தையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இரத்தம் நீர்த்துவிட்டது என்று எழுதினேன். கிழட்டுச் சேவலை அதன் பேத்திகளோடு விடச் சொன்னேன். பொரித்த குஞ்சுகள் கால் ஊன்றி நிற்க மாட்டாமல் விழுந்தன.

தவிடும் கட்டுப்படியாகாமல் வெள்ளைகளைக் கண்மாய்க்கு ஓட்டினாய். அவற்றுக்கு மேயத் தெரியவில்லை. தண்ணீரில் வெள்ளை வெளேரென்று நின்றதைப் பருந்து மேலிருந்தே பார்த்தது, கரையிலிருந்து நரி பார்த்தது. பழுப்பாக இருந்தால் கோரைக்குள் ஒளிந்திருக்கும். கடைசியில் ஏழு மிஞ்சியது.

அறுபதை நெருங்கிய நீ வாலிநோக்கத்துக்கு உப்பளத்து வேலைக்குப் போனாய். ஒரு முறை உன்னை அங்கே வந்து பார்த்தேன். பாத்தி ஓரத்தில் நின்றாய். கால் வெடித்து வெள்ளைக் கோடுகளாக இருந்தது, கண் சிவந்திருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அங்கனயும் வெள்ளை, இங்கனயும் வெள்ளை. எனக்கு வெள்ளைதான் மச்சான் எழுதியிருக்கு" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு உன்னை நான் பார்த்தது இருமலோடு கட்டிலில் கிடந்தபோதுதான். என்னை நீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நோட்டைக் கொண்டுவந்தியா என்று கேட்டாய். கொண்டுவரவில்லை என்றேன். கொண்டுவந்திருந்தேன். பைக்குள் இருந்தது.

நீ மவுத்தான பிறகு மைமூன் வெளி ஆண்கள் முகம் பாராமல் இத்தா இருந்த நாலு மாதமும் நான் பின்வாசலோடு வந்து அந்த ஏழுக்கும் தவிடு வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இத்தா முடிந்ததும் ஒரு நாள் அவளிடம், இதுகள் தேறுவதாகத் தெரியவில்லையம்மா, யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"பழையபடி மீன்கொடல் கெடைச்சா தேறிரும்ணே" என்றாள்.

"பழையபடி என்றால்?"

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். தட்டி பந்தலை ஒட்டி இருந்ததால் சூடை கழுவுகிற குடல், தலை எல்லாம் தினமும் வெள்ளைகளுக்குத்தான் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. நான் சைவக்காரன். எனக்குக் கவுச்சி வாடை ஆகாது. அதனால் நீயும் அவளும் ஞாயிறு காலையில் தட்டிக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, புது மணல் போட்டு, தவிட்டைக் கரைத்து வைத்துவிடுவீர்கள். வளைவில் பத்து மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் மீன்கூடை பின்வாசலால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். நான் திரும்பிப் போன பிறகு வந்துவிடும். இத்தனை வருஷமும், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல்.

"அறுக்கும்போது கொழுப்புல சூடைவாடை குப்புன்னு அடிக்கும்ணே. அத ஒங்க கிட்ட எப்புடிச் சொல்றது? அவுக கிட்டச் சொன்னேன். படிச்சவுகளுக்குத் தெரியாமலா இருக்கும், நீ சும்மா இருன்னுட்டாக."

நான் அந்த வாத்துகளை எடை போட்டேன், அமுக்கினேன், பத்தி பிரித்து எழுதினேன். ஆனால் அறுத்த வாத்தை ஒரு தடவைகூடக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி நீயும் என்னைச் சங்கடப்படுத்தவில்லை. கொழுப்பைப் பற்றிக் கட்டுரை எழுதியவன் கொழுப்பை முகர்ந்து பார்த்ததில்லை. ஒரு முறை முகர்ந்திருந்தால், என்னைப் போன்ற மடையனுக்குக்கூடப் புரிந்திருக்கும்.

உனக்குத் தெரியுமா, சேகு? கட்டிலில் கிடந்தபோதாவது தெரிந்ததா? காற்று ஓயாமல் அடித்து, மீன் நின்று, வாத்து இளைத்ததே, அதை நீ மனசுக்குள் கூட்டிப் பார்க்காமலா இருந்திருப்பாய்? கூட்டிப் பார்த்துவிட்டுத்தான், மச்சான் வருத்தப்படுவான் என்று விட்டுவிட்டாயா? இதற்குப் பதில் தெரிந்தால் எனக்கு லேசாகுமா, பாரமாகுமா என்பதுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மைமூன் சொன்ன மறுநாளே நான் பத்திரிகைக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இன்னும் உறுதி செய்ய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உறுதி இல்லை, வெட்கம். இந்த வருஷத் தொடக்கத்தில் திருவாடானைப் பக்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுதியவர் வாத்து வைத்திருக்கிறார். கட்டுரையை யாரோ வாசித்துக் காட்டினார்களாம். வெள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு பழுப்பைக் கழித்துவிடலாமா, ஐயா ஒரு வரி எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் கார்டைப் பதினொரு நாள் நோட்டுக்குள் வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள், கழிக்க வேண்டாம் என்று பதில் போட்டேன். திரும்ப வந்த கார்டில், பதில் வராததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தது. உன்னோடு நின்றிருக்க வேண்டிய தவறு இன்னொரு வீட்டுக்கும் போய்விட்டது.

அவரைப் போய்ப் பார்த்தேன். கோபிக்கவில்லை. அவர் கழித்தவற்றை வாங்கியவர்களைத் தேடிப் போய் மூன்று பழுப்புப் பெட்டைகளை மீட்டேன். அவற்றின் வம்சம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, பெரியபட்டினத்து ராவுத்தர் ஒருத்தர் மந்தையோட குடுத்துட்டாராம், நல்ல மேய்ச்சல் வாத்து, ஏன் குடுத்தாருன்னு தெரியல என்றார்கள்.  ஒன்றைத் திருவாடானைக்காரருக்கே திருப்பிக் கொடுத்தேன். மற்ற இரண்டும் உன் வீட்டில் இருக்கின்றன. உன் வாப்பாவின் மந்தையில் இன்று உன் வீட்டில் இருப்பது அவ்வளவுதான்.

இப்போதைய செய்தியைச் சொல்கிறேன். இரண்டு தட்டி கட்டியிருக்கிறோம். மீட்ட பெட்டைகளுக்குள்ளும் வெள்ளைச் சீட்டு ஒளிந்திருந்ததால், அந்த ஏழில் ஒரு சேவலோடு விட்டதும் இரண்டு நிறமும் பொரித்தன; இரண்டு தட்டியிலும் ஒரே ஈட்டுப் பழுப்பும் வெள்ளையும் கலந்து கிடக்கின்றன. ஒரு தட்டிக்கு மீன், ஒரு தட்டிக்கு வெறும் தவிடு. முதல் ஈடு வளர்ந்துவிட்டது. மீன் தின்றவை பழுப்பும் கொழுத்தன, வெள்ளையும் கொழுத்தன. தவிடு தின்றவை இரண்டு நிறமும் இளைத்தே நிற்கின்றன. நிறத்துக்கும் கொழுப்புக்கும் நான் கட்டிவைத்த முடிச்சு வெறும் காற்று. அதே மீனைத் தின்றும் ஒன்று மற்றதைவிட அதிகமாகக் கொழுக்கிறது. அதற்குக் காரணம் பரம்பரையிலும் இருக்கத்தான் வேண்டும். ஆனால் நிறத்தைப்போல ஒரு சீட்டு, இரண்டு சீட்டு என்று எண்ணிவிட முடிகிறதாக அது இல்லை. எத்தனையோ சின்னச் சின்னச் சீட்டுகளாக இருக்கலாம். அதைப் பிரித்து அறிய என் ஆயுசு போதாது. பார், மறுபடியும் இருக்கலாம் என்று எழுதுகிறேன். இது வர வேண்டிய நாளில் வரவில்லை.

போன மாதம் மைமூனிடம் ஒரு வாத்தை அறுத்துக் கொழுப்பை எடுத்துவைக்கச் சொன்னேன். வேண்டாம்ணே என்றாள். வற்புறுத்தினேன். வாணலியில் அது உருகியபோது கிட்டே போய்க் குனிந்து முகர்ந்தேன். சூடையேதான். வேலி ஓரம் போய் வாந்தியெடுத்தேன். மைமூன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். யாரும் சிரிக்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தப்பைத் தப்பு என்று எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எழுதிவிட்டேன். குறையவில்லை. கண்மாய்க் கரையில் நீ நடந்து நடந்து விழுந்த தடத்தில் இப்போது புல் முளைத்துவிட்டது. இதைப் படிக்கிற வாத்துக்காரர்கள் நிறத்தைப் பார்த்து எதையும் கழிக்காதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, சேகு. கேட்டால் கொடுத்துவிடுவாய். எனக்கு அது பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். என் கால் நடக்கும் வரை ஞாயிறு தவறாது. உன் வாப்பாவின் வம்சத்துப் பழுப்புகள் மறுபடி கண்மாய்க்கு வரிசையாகப் போகும் அளவு பெருகட்டும், அதுவரை மீன்குடலை என் கையாலேயே அள்ளிப் போடுவேன். போட்டதைப் போட்டபடி, தீனி என்ற பத்தியில் முதலில் எழுதுவேன். மைமூனிடம் சொல்லியாகிவிட்டது. நாளை ஞாயிறு. பத்து மணி பஸ்ஸில் வாரேன். ஹாரன் கேட்டாலும் கூடை அங்கனயே இருக்கும்.

உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த,
உன் மச்சான்
சோமசுந்தரம்